வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

வாருங்கள், வாசகர்களே! கையிலிருக்கும் வேலையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு இந்த மருத்துவமனை அறைக்குள் வாருங்கள். இங்கே ஓர் அநீதி படுத்திருக்கிறது. வெள்ளைப் போர்வை போர்த்தி, இடக்கையில் ஊசிக் குழாய் ஏற்றி, உதட்டோரம் பல் பதிந்த காயத்தோடு படுத்திருக்கிறது.

அதற்கு அண்ணி என்று பெயர்.

குற்றவாளியைத் தேடுகிறீர்களா? கட்டிலைச் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். அழுது சிவந்த கண்களோடு கணவர் நிற்கிறார். நழுவி நழுவி விழும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி நாத்தனார் நிற்கிறாள். இருவரும் அண்ணியின்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்த அன்புதான் சென்ற வாரம் அவரைச் சாவின் வாசல்வரை இழுத்துச் சென்றது!

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றுதான் வந்து அமர்ந்தோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

அண்ணி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவர். மயிரிழை பிசகினாலும் அணிகிறவருக்குத் தலை கிறுகிறுக்கும். அத்தனை நுட்பமான வேலை. தந்தையைப் பறிகொடுத்த துக்கத்தில் அவருக்கு உறக்கம் தொலைந்தது, படபடப்பு பிடித்துக்கொண்டது. தெருமுனை கிளினிக் டாக்டர் ஓர் அமைதி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னார். படபடப்பு அடங்கிற்று. மாத்திரை அடங்கவில்லை. அடுத்த முறை போனபோது, "அதையே தொடருங்க" என்றார். அதற்கடுத்த முறையும் அதே சொல்தான். வாரங்கள் ஆண்டுகளாயின. ஏன் தொடர வேண்டும் என்று எழுதிய கையும் எண்ணிப் பார்க்கவில்லை, விழுங்கிய வாயும் கேட்கவில்லை.

நாத்தனார் நாளிதழ் நிருபர். முப்பதைத் தாண்டிய பின்னும் வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணியைப் போல் எத்தனை பேர் இந்த மாத்திரையின் பிடியில் இருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் பேசி, ஒரு கட்டுரை எழுதினாள். முதற்பக்கத்தில் வந்தது. ஊரே பேசியது. அதன் தலைப்பு இது:

"அமைதி மாத்திரை அல்ல, அடிமை மாத்திரை! இன்றே தூக்கி எறியுங்கள்!"

தங்கை எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட அண்ணன், வீட்டிலிருந்த மாத்திரைகளை அன்றே கழிப்பறையில் கொட்டினார்; வேறொரு செய்திக்காக வெளியூர் போயிருந்த பாப்பாவுக்கு அது தெரியாது. அண்ணியும் "சரி, இனி வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டார். உறக்கம் போயிற்று. கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. ஒரு காலை, கடையில் அரைக்கும் இயந்திரத்தின் முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்தார். சென்ற வாரம் அவரை அந்தத் தரையில் விட்டுவிட்டுத்தான் பிரிந்தோம்.

இதோ, கண்ணைத் திறந்துவிட்டார். கண்ணை மட்டுமா? வாயையும் திறந்துவிட்டார்!

"ஏங்க, மாத்திரைய எங்க கொட்டினீங்க?"

"டாய்லெட்லதான்" என்றார் அண்ணன், ஈனக் குரலில்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ரெண்டு வாளி."

"அதானே பார்த்தேன். நானும் தூங்கல, நீங்களும் தூங்கல. நம்ம வீட்டு டாய்லெட் மட்டும் நிம்மதியா தூங்கியிருக்கு."

அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி விடுவதாக இல்லை. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக் குடுக்கறேன்."

"வேகமா போற வண்டிய எப்படி நிறுத்தணும்னு கத்துக் குடுப்பீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "மெதுவா... காலை வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி..."

"சடார்னு மிதிச்சா?"

"சறுக்கும்."

"சறுக்கிச்சா?"

"சறுக்கிச்சும்மா."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன் அப்படி மிதிச்சீங்க?"

"பாப்பா எழுதியிருந்தாளே!"

சொன்னவர் குறையாகச் சொல்லவில்லை. குழந்தை, டீச்சர் சொன்னார் என்று சொல்வதைப் போல்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் பாப்பாவின் கன்னத்தில் அறையாக விழுந்தது. கண்ணாடி மறுபடி நழுவிற்று. தூக்கிவிட்டுக்கொண்டாள்.

மருத்துவர் உள்ளே வந்தார். நரம்பு நோய்களைப் பார்க்கும் பெண் மருத்துவர், சுருக்கமாகப் பேசுபவர். அண்ணியின் இரு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுக்கம் இருந்தது, ஆனால் தணிந்திருந்தது.

"இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம். மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சாச்சு. அதையேதான் சாப்பிடணும்."

"மறுபடியுமா?" அண்ணன் பதறினார்.

"ஆமா சார். மூளை பல வருஷமா அதுக்குப் பழகிடுச்சு. ஒரேயடியா பிடுங்கினா அது தாங்காது. இப்ப நிலைக்குக் கொண்டுவருவோம். அப்புறம் துளித் துளியா குறைப்போம். மாசக் கணக்குல ஆகும். நடுவுல முடியலன்னா அந்த அளவுலயே கொஞ்ச நாள் நிப்போம். அவசரமே இல்ல."

"மாத்திரை நின்னுடும்ல டாக்டர்?" என்று அண்ணி கேட்டார். கேலியெல்லாம் போய், குரல் மெலிந்திருந்தது. "என் கை பழையபடி ஆகும்ல?"

"பொறுமையா குறைச்சா நிறைய பேர் வெளிய வந்துடறாங்க. நீங்களும் வரலாம். நான் கூடவே இருக்கேன்."

அண்ணி கண்களை மூடிக்கொண்டார். மூடிய இமைகளுக்கடியிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. வந்தது நிம்மதியின் நீர்.

கதவருகே போன மருத்துவர் திரும்பினார். "இந்த வாரம் இதே மாதிரி இன்னொருத்தரும் வந்தாரு. அவர் வீட்லயும் பேப்பர்ல பார்த்துட்டுத்தான் தூக்கிப் போட்டிருக்காங்க."

பாப்பாவின் முகம் வெளிறியது. "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தேறிட்டாரு. அடுத்து வர்றவரும் தேறுவாருன்னு என்னால சொல்ல முடியாது. நல்ல விஷயம்தான் எழுதியிருந்தாங்க. திடீர்னு நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி சேர்த்திருக்கலாம்."

"எழுதினேன் டாக்டர்!" பாப்பா கத்திவிட்டாள். "நான்தான் அந்தக் கட்டுரைய எழுதினேன். டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க, உயிருக்கே ஆபத்துன்னு கடைசிப் பத்தியில எழுதியிருந்தேன்!"

மருத்துவர் கதவை விட்டு உள்ளே வந்தார். "அப்ப அந்தப் பத்தி எங்கம்மா?"

*

எங்கே அந்தப் பத்தி? வாசகர்களே, நாளிதழ் அலுவலகத்துக்குள் வாருங்கள், காட்டுகிறேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்தி இடத்துக்குமேல் நீண்டுவிட்டால் வாலிலிருந்து வெட்டுவார்கள். முக்கியமானதெல்லாம் தலையில் இருக்கும், வாலில் இருப்பது போனால் குடி முழுகாது என்பது அவர்களின் கணக்கு. அப்படி வெட்டுவதில் கைதேர்ந்தவர் முதற்பக்கத்தின் உதவியாசிரியர். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி. நரைத்த மீசை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு, எதையும் இரண்டு முறை படித்துவிட்டே வெட்டும் நிதானம்.

பாப்பா இந்த வழக்கத்தை அறியாதவளா? வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அறிவாள். அறிந்தும் உயிர் காக்கும் வரியைக் கொண்டுபோய் வாலில் வைத்தாள். ஆற அமரச் சொல்லி, முடிவில் எச்சரித்து முடித்தால் கட்டுரை அழகாக அமையும் என்று எண்ணினாள். அழகு! அந்த அழகுக்கு அண்ணி கொடுத்த விலையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

ஆசிரியரின் அறையில் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், நாளைக்கு முதற்பக்கத்துல போடணும். அதே இடம், அதே எழுத்து. தூக்கி எறியாதீங்கன்னு."

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவரல்லர். அச்சு மையின் வாசத்திலேயே வளர்ந்தவர்; பத்திரிகையின் மானத்தைத் தன் மானமாகக் கருதுபவர். "உன் அண்ணி எப்படி இருக்காங்க, அதைச் சொல்லு முதல்ல."

"வீட்டுக்கு வர்றாங்க சார். பொழைச்சுட்டாங்க."

"நல்லது. மனசு நிறைஞ்சுது. திருத்தம்தானே? போட்டுடலாம். ஏழாம் பக்கம், கீழ் மூலை. திருத்தமெல்லாம் அங்கதானே போடறோம்."

"அதை யார் சார் படிப்பாங்க? எழுதினவங்களே தேடித்தான் படிக்கணும்!"

"ஏம்மா, இந்த வாரம் எங்க பார்த்தாலும் நம்ம கட்டுரை பேச்சுதான். டிவிக்காரங்க உன்னையக் கூப்பிடறாங்க. இத்தனை நாளா யாரும் தொடாத விஷயத்த நீ தொட்டிருக்க. இப்ப நம்மளே முதற்பக்கத்துல நின்னு, நேத்து சொன்னது தப்புன்னு நம்ம முகத்துல நாமே கரிய பூசிக்கணுமா? அப்புறம் நாம சொன்ன நல்லதையும் சேர்த்துக் குப்பையில போட்டுடுவாங்க."

"சொன்னது தப்பில்ல சார். பாதியில நிறுத்தினதுதான் தப்பு. இன்னொருத்தரும் விழுந்திருக்காரு. நம்ம தலைப்பு கடையில தொங்குது, கண்ணுல படுது. நம்ம எச்சரிக்கை எங்க தொங்குது?"

"அந்தப் பத்தி எப்படிப் போச்சு?"

"நான்தான் வெட்டினேன்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

அன்றைய பக்கத்துக்கு ஒப்புதல் வாங்க வந்த கத்தரி அங்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. உள்ளே வந்து, கதவைச் சாத்தினார்.

"தலைப்பைப் பெருசு பண்ணச் சொன்னீங்க சார். பண்ணினேன். தலை பெருத்ததும் வாலுக்கு இடமில்ல. கடைசிப் பத்தி போச்சு."

ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். அந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில், "இன்னும் பெருசா, கண்ணுல அறையற மாதிரி" என்று தான் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"உங்களுக்கு அது முக்கியம்னு தோணலையா சார்?" பாப்பா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எதையும் ரெண்டு தடவை படிப்பீங்களே!"

"ரெண்டு தடவை படிச்சேம்மா." கத்தரி கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நானும் அந்த மாத்திரைதான் சாப்பிடறேன். ராத்திரி ஷிப்டுக்கு வந்ததுலேர்ந்து. வீட்ல தவிர யாருக்கும் தெரியாது. உன் கட்டுரை மேஜைக்கு வந்ததும், அடடா, நம்மளப் பத்தி எழுதியிருக்காளேன்னு ஒரே மூச்சுல படிச்சேன். அன்னைக்கே தூக்கிப் போட்டுடலாம்னு முடிவும் பண்ணிட்டேன். அப்பதான் கடைசிப் பத்தி வந்துது."

கையிலிருந்த பக்கத்தாளைக் கத்தரி மேஜையில் வைத்தார்.

"அதைப் படிச்சதால நான் நிறுத்தல. மறுநாள் டாக்டரைப் பார்த்துட்டேன். இப்ப மெதுவா குறைச்சுக்கிட்டு வர்றேன். அந்தப் பத்தி என்னைக் காப்பாத்திச்சு, சார். என்னைக் காப்பாத்தினதும் அதை வெட்டிக் கீழ போட்டுட்டேன். கை பழக்கம். வால்னா வெட்டணும்னு கை தானா போயிடுச்சு. படிச்சது ஒரு ஆளு, வெட்டினது வேற ஆளுங்கற மாதிரி."

கேட்டீர்களா வாசகர்களே! எத்தனையோ வீடுகளுக்குப் போன அந்தக் கட்டுரையில், எச்சரிக்கையை முழுதாகப் படித்துப் பிழைத்தவர் அதை வெட்டியவர் ஒருவர்தான்!

ஆசிரியர் எழுந்து சன்னலருகே போனார். கீழே லாரிகள் காகிதச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தன. திரும்பியபோது அவர் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

"உக்காந்து எழுதும்மா. முதற்பக்கம். அதே இடம்."

"அதே எழுத்து?"

"அதே எழுத்து. கரிய நானே பூசிக்கறேன். என் பேர் போட்டு மன்னிப்பும் கேக்கறேன்."

"சார்..." பாப்பா கைகூப்பினாள்.

"எச்சரிக்கைய முதல் வரியில வை" என்றார் கத்தரி, கதவைத் திறந்தபடி. "வால்ல வெச்சா நான் சும்மா இருந்தாலும் என் கை சும்மா இருக்காது."

நெடுநாளைக்குப் பிறகு அந்த அறையில் மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தார்கள்.

எழுதி முடித்ததும் பாப்பா தொலைபேசியில் அண்ணியை அழைத்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த அண்ணி, எதிர்முனையில் பொறுமையாகக் கேட்டார்.

"தலைப்பு இதுதான் அண்ணி: 'அடிமை மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள்! உயிருக்கு ஆபத்து!'"

"எல்லாம் சரி பாப்பா. அந்த 'அடிமை'ய மட்டும் எடுத்துடு."

"ஏன் அண்ணி? போன தடவையும் அதுதானே..."

"போன தடவை நான் சொல்லல. கூச்சமா இருந்துது. கடையில எல்லாரும் படிச்சாங்க, நான் குனிஞ்சுக்கிட்டேன். இப்ப சொல்றேன். நான் யாருக்கும் அடிமை இல்ல. டாக்டர் குடுத்தத வேளை தவறாம சாப்பிட்டவ. அதுக்கு ஏன் நான் குனியணும்? அந்த வார்த்தைய படிச்சா, மாத்திரை சாப்பிடறவ ஒளிஞ்சுப்பாளே தவிர டாக்டர்கிட்ட போக மாட்டா."

பாப்பா அந்தச் சொல்லை அடித்து நீக்கினாள். தலைப்பு சிறுத்தது. மிச்சப்பட்ட இடத்தில், வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி முழுதாக வந்து உட்கார்ந்தது.

*

பாப்பா வீடு திரும்பியபோது விளக்கேற்றும் நேரம். சமையலறையில் அண்ணன் ஏப்ரன் கட்டிக்கொண்டு சூப் என்ற பெயரில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்ன இது கருகுன வாசனை?"

"மெதுவா பண்ணணும்னு நினைச்சேன் பாப்பா. ரொம்ப மெதுவா போயிட்டேன்."

"இனிமே இப்படித்தான்" என்றார் அண்ணி, கூடத்து நாற்காலியிலிருந்து. "வீட்டுக்கு வந்ததுலேர்ந்து எல்லாத்தையும் மெதுவா பண்றாரு. கதவை மெதுவா சாத்தறாரு. டம்ளர மெதுவா வெக்கறாரு. என்னைய மெதுவா கூப்பிடறாரு, காதுலயே விழல!"

"நக்கலா பண்ற?" என்று அண்ணன் கரண்டியை ஆட்டினார். ஆனால் அந்த நக்கலைக் கேட்க அவர் எத்தனை நாள் ஏங்கினார் என்பதை அவர் கண்கள் காட்டிக்கொடுத்தன.

பாப்பா அச்சாகவிருக்கும் பக்கத்தின் படியை நீட்டினாள். அண்ணி முதல் வரியைப் படித்தார். மறுபடி படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாத்தனாரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உன் கண்ணாடியக் குடு."

"எதுக்கு அண்ணி?"

"காலைலேர்ந்து பாக்கறேன், தூக்கித் தூக்கி விடற. திருகு கழண்டிருக்கு. என் நாத்தனார் இப்படிப் போனா என் கடை மானம் போயிடும். கைப்பையில என் திருப்புளி இருக்கும், எடு."

ஊசி போன்ற அந்தத் திருப்புளியை அண்ணி விரல்களில் பிடித்தார். கை நடுங்கியது. முனை திருகின் தலையைத் தேடித் தவறியது. அண்ணன் அடுப்பை மறந்து வாசற்படியில் நின்றார். "நான் வேணா..." என்று வாயெடுத்த பாப்பா அடக்கிக்கொண்டாள்.

மறுபடியும் தவறியது.

அண்ணி மூச்சை உள்ளிழுத்தார். முழங்கைகளை மேஜையில் ஊன்றினார். கடையில் நுண்ணிய வேலைக்கு அப்படித்தான் ஊன்றுவார். நடுக்கம் இருந்தது. நடுக்கத்தோடு கூடவே முனையும் இறங்கியது. திருகில் பதிந்தது. மெல்ல, மிக மெல்லச் சுற்றினார்.

"இந்தா, போட்டுப் பாரு."

பாப்பா அணிந்துகொண்டாள். தலையைக் குனிந்தாள். ஆட்டினாள். கண்ணாடி அசையவில்லை. அவள் அண்ணியின் கைகளைப் பற்றித் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளின் நடுக்கம் அவள் கன்னத்தில் தெரிந்தது. பயமாக இல்லை.

"சூப்பு பொங்குது!" என்று கத்திக்கொண்டு அண்ணன் ஓடினார்.

அப்போதுதான் தொலைபேசி ஒலித்தது. எடுத்த அண்ணியின் முகம் மாறியது. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "கிளினிக் டாக்டர்" என்றார் மெதுவாக.

ஆம். பல ஆண்டுகளாக "அதையே தொடருங்க" என்று எழுதிய அதே மனிதர். செய்தி அவர் காதுக்கும் எட்டிவிட்டது. நாளைக் காலை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். எதற்காக வருகிறார்? வருந்தவா, வாதாடவா? குரலைக் கொண்டு சொல்ல முடியவில்லை.

அண்ணன் கையில் கரண்டியோடு, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வாங்க டாக்டர். உங்கமேல கோபமில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாங்க. இத்தனை வருஷம் உங்க முன்னால உக்காந்தேன், ஒரு கேள்வி கேக்கல. நீங்களும் கேக்கல. நாளைக்கு நான் கேப்பேன். பதில் சொல்ற வரைக்கும் நீங்க உக்காரணும்."

தொலைபேசியை வைத்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. குரல் நடுங்கவில்லை.

வாசகர்களே! அந்தக் காலை அண்ணிக்கு நாளை விடியும். உங்களுக்கு இன்றே விடியட்டும். எழுந்து போய் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில வாரங்களுக்கென்று வந்து, ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட அமைதி மாத்திரை அதில் இருக்கிறதா? தூக்கி எறியாதீர்கள்! உங்கள் கணவருக்காகவோ மனைவிக்காகவோ அன்பின் பெயரால் நீங்களாக நிறுத்தாதீர்கள்! ஒளிக்கவும் வேண்டாம், நாணவும் வேண்டாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இதை நான் ஏன் இன்னும் உண்கிறேன், எப்படிப் பத்திரமாகக் குறைப்பது என்று கேளுங்கள். எச்சரிக்கையை வாலில் வைத்து வெட்டும் எந்த ஏட்டைக் கண்டாலும், அந்த ஏட்டையும் கேளுங்கள். "அதையே தொடருங்க" என்ற ஒற்றைச் சொல்லோடு யார் உங்களை அனுப்பப் பார்த்தாலும் அசையாதீர்கள்.

பதில் வரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்!